தடுக்கி விழ ஒன்றுமில்லாத சாலை

வங்கிக்கும் டயர்க் கடைக்கும் நடுவே உள்ள சாலையில் டூப்புக்காரி விழ ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை. அடுத்த வருஷத்து மழை வந்து போன பிறகும் அவள் தரைக்கு வந்து சேரவில்லை. அந்த வருஷம் வெங்காயம் இரண்டு தடவை விலை ஏறியது, பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள், இவள் விழுந்துகொண்டே இருந்தாள். பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாக, இரண்டு கைகளையும் விரித்தபடி, சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி இருந்தாள். சுவர்தான் இல்லை. முதல் வாரம் ஊரே வந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தது. அப்புறம் அவரவர்க்கு அவரவர் வேலை இருந்தது.

கதாநாயகிகள் விழ வேண்டிய இடத்திலெல்லாம் அவர்களுக்குப் பதிலாக விழுவதுதான் அவள் தொழில். காதல் காமெடிப் படங்கள் அவள் தலைமேல்தான் ஓடின என்று சொன்னால் தப்பில்லை. அந்தப் படங்களில் கதாநாயகி டாக்டராக இருப்பாள், வக்கீலாக இருப்பாள், விமானம்கூட ஓட்டுவாள். ஆனால் சமதரையில் நாலு எட்டு சேர்ந்தாற்போல நடக்க வராது. முதல் சந்திப்பில் தடுக்கி விழுவாள், பாட்டுக்கு முன்னால் வழுக்கி விழுவாள், கோபித்துக்கொண்டு போகும்போது தடுக்கியும் வழுக்கியும் விழுவாள். ஒவ்வொரு தடவையும் நாயகன் கை அங்கே தயாராக இருக்கும். டாக்டர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்ததில்லை, வக்கீல் ஒரு வழக்குக் கட்டைப் பிரித்ததில்லை. தூங்கி எழும்போதே உதட்டுச் சாயத்தோடு எழுந்து, நாய்க்குட்டியோடும் மழையோடும் பேசி, பின்னாலேயே சுற்றுகிறவனை இடைவேளை வரைக்கும் திட்டி, இடைவேளைக்குப் பிறகு கட்டிக்கொள்வாள். அரைத்த மாவுதான். என்றாலும் அரைக்க அரைக்கக் கூட்டம் வந்தது. டூப்புக்காரியின் முதுகையும் கூந்தலையும் பார்க்காத சனம் அந்த ஊரில் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

அவளைப் பிடிக்கிற வேலை முதலில் அவள் கணவனுடையது. அவன் நாயகனுக்கு டூப்பு. பாரம் தாங்குகிற வரைக்கும் இவன் கை, முகம் தெரிகிற நேரத்தில் நாயகன் கை. படத்தில் இவர்கள் விழுந்து பிடித்துக் காதலித்த கணக்குக்கு அளவில்லை; நிஜத்தில் ஒருநாள் டீ குடிக்கும்போது, "உங்களுக்கு இஷ்டமிருந்தா நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். யோசிக்கணும் என்றாள். சரி என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனவன், அவளாகப் பேச்சை எடுக்கும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் சுற்றவில்லை, மொட்டைமாடி விளிம்பில் ஏறி நிற்கவில்லை. இப்படி ஒரு காதலைப் படமாக எடுத்தால் தயாரிப்பாளர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வருஷக்கணக்காகப் பெண்களைப் பிடித்துப் பிடித்தே அவன் முதுகு போய்விட்டது. வில்லாக வளைந்த முதுகோடு தொழிலை விட்டு, ஒரு பூட்டு ரிப்பேர் கடை போட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது இதுதான். மஞ்சள் கவுனில் டூப்புக்காரி ஓடிவந்தாள், வழக்கம்போலத் தடுக்கினாள், சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து நாயகன், தனக்கு டூப்பாக வந்த புதுப் பையனுக்குத் தன்னைவிட முடி அடர்த்தி என்பதைக் கண்டுபிடித்தார். ஐம்பதைத் தாண்டியும் கல்லூரி மாணவனாக நடிப்பவர்; முடி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். கத்திவிட்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னாலேயே டைரக்டர் ஓடினார், டைரக்டர் பின்னால் யூனிட் ஓடியது. ஒருத்தரும் 'கட்' சொல்லவில்லை. 'ஆக்‌ஷன்' என்று தொடங்கியதை 'கட்' என்றுதான் முடிக்க வேண்டும், அதையும் தொடங்கியவர் வாய்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். விழுகிறவள் நடுவில் தானாகக் கையை ஊன்றிவிட்டால் அந்த டேக் பாழ். அவள் புதிதாகச் சேர்ந்தபோது ஸ்டண்ட் மாஸ்டர் தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள் தூவி விழச் சொல்வார். சாயங்காலம் உள்ளங்கையைக் காட்டச் சொல்வார். கையில் வெள்ளை இருந்தால் மறுநாள் வேலை இல்லை. அவள் கையில் என்றைக்கும் வெள்ளை இருந்ததில்லை. அதனால் அவள் கட் வருகிற வரைக்கும் விழுவோம் என்று விழுந்துகொண்டிருந்தாள், அந்தக் கட் வரவேயில்லை.

டைரக்டருக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தபோது அவர் பாட்டு எடுக்க வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாயகன் அவளைப் பிடிக்காத ஷாட்டுக்குத் தான் எப்படிக் கட் சொல்வது, ஷாட் முடியவில்லையே என்று நியாயம் பேசினார். திரும்பி வந்ததும் நாயகனையே கூட்டிவந்து பிடிக்க வைப்பதாகவும், அதையே படத்தின் கடைசிக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்றார். காத்திருந்த சாலை தன்னை மாற்றிக்கொண்டது. போக்குவரத்துக் காவலர் அவளைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டார். வண்டிகள் ஒதுங்கிப் போயின. டயர்க் கடைக்காரர் மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். படப்பிடிப்புக்கு வந்த ராட்சத விசிறியை வாடகைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் கூந்தலில் மட்டும் காற்று அடித்துக்கொண்டே இருந்தது; மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்தக் காற்றில்தான் துணி காயப்போட்டார்கள். கைநீளத் தூரத்துக்குள் எந்த ஆம்பளை வந்தாலும் எங்கிருந்தோ வயலின் வாசிக்கத் தொடங்கும். அது ஒன்றுதான் தொல்லை. டயர்க் கடைப் பையன்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

கணவன் முதல் நாளே ஓடிவந்து கையை நீட்டினான். வயலின் தொடங்கியது. "நான் புடிச்சுக்கறேன், வா. பழகின கைதானே," என்றான், வளைந்த முதுகைப் பல்லைக் கடித்து நிமிர்த்திக்கொண்டு.

"உங்க கையில விழ எனக்கு ஆசைதாங்க," என்றாள் அவள். "ஆனா இப்ப விழுந்தா, அது நானா விழுந்ததா இருக்காது. அவங்க தள்ளிவிட்டு நீங்க புடிச்சதா இருக்கும். நானா எந்திரிச்சு நிக்கறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி."

அவன் கையை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான், வயலின் நின்றது. அன்றிலிருந்து தினமும் கடையைச் சாத்திவிட்டு முக்காலியோடு வந்து, வயலின் தொடங்காத தூரத்தில் உட்கார்ந்துகொண்டான். டீயை உறிஞ்சுகுழல் போட்டு அம்மா கையில் கொடுத்து அனுப்பினான்.

அவன் அம்மா, அதாவது டூப்புக்காரியின் மாமியார், படப் பைத்தியம். காதல் படம் எதையும் முதல் நாள் விட்டதில்லை. கல்யாணத்துக்கு உடனே தலையாட்டியதே மருமகள் முதுகை இருபது படத்தில் பார்த்துப் பிடித்துப்போனதால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மருமகள் இப்படிச் சாய்ந்து நின்றதில் அந்த அம்மாளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கடைசிக் காட்சிக்கு நாயகன் நேரில் வருவார், பக்கத்தில் நின்று பார்க்கலாம் அல்லவா. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மருமகளுக்கு ஊட்டிவிட்டபடி, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் கதை சொன்னாள்.

குளிர் தொடங்கிய சமயத்தில் பூக்காரன் வந்தான். பூ விற்கிறவன் இல்லை, பூவோடு வருகிறவன். தினம் காலையில் பூச்செண்டும் கையுமாக மஞ்சள் வட்டத்துக்கு வெளியே வந்து நிற்பான். போய்விடு என்றால் சிரிப்பான். கல்யாணமானவள் என்றால் அதற்கும் சிரிப்பான். முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், இடைவேளைக்குப் பிறகு மனசு மாறும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனும் அதே தியேட்டரில் வளர்ந்தவன்தானே. மாமியாருக்கு முதலில் பாவமாக இருந்தது. "எவ்வளவு பொறுமையா வர்றான் பாரு, வெயில்லயும் நிக்கறான்," என்றாள். போகப்போக அவள் பேச்சுக் குறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவன் முகம் பக்கத்தில் தெரிந்தது. மருமகளால் ஓட முடியாது, முகத்தைத் திருப்பக்கூட முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் தினம் கொஞ்சம் நெருங்கி நிற்கிறான் என்பதும் தெரிந்தது. ஒருநாள் அவன் மஞ்சள் வட்டத்துக்குள் காலை வைத்தான். "ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு," என்றாள் மருமகள். "நான் என்ன வேலை பாக்கறேன்?" அவன் திருதிருவென்று முழித்தான். கவுன் நிறம் தெரிந்தது, கூந்தல் நீளம் தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. அந்த இடைவெளியில் மாமியார் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினாள். தூக்கியதோடு சரி, அடிக்க வேண்டியிருக்கவில்லை. காவலரும் வந்து சேர்ந்தார், கணவனும் வந்து சேர்ந்தான், பூக்காரன் அதற்குப் பிறகு அந்தச் சாலைப் பக்கம் தலைகாட்டவில்லை. மாமியார் நாற்காலியை இறக்கிவைத்து அதிலேயே உட்கார்ந்தாள். "படத்துல பாக்கறப்ப நல்லாத்தானேம்மா இருந்துது," என்று சொல்லி அழுதாள். அவள் அழுது மருமகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து டூப்புக்காரி கையைக் கீழே இறக்கப் பழகினாள். சும்மா கையை ஊன்ற வேண்டியதுதானே என்று போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சுண்ணாம்புத் தூளில் படாமல் வளர்ந்த கை அது. தரை என்று நினைத்தாலே மணிக்கட்டு விறைத்துக்கொண்டு மேலே போகும். அவள் கோபப்படவில்லை, விழுவதையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றாள். கை இடுப்பு உயரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு இறங்க ஒரு பருவகாலமே பிடித்தது. அதற்குக் கீழே போக மறுத்தது.

ஒரு மத்தியானம், கணீரென்ற கட்டைக்குரலில் ஒரு பெண், "அக்கா, பக்கத்துல உக்காரலாமா?" என்று கேட்டாள். அரிதாரமில்லாத முகம், வெளிறிய ஜீன்ஸ். அவள்தான் அந்தப் படத்தின் கதாநாயகி என்று மாமியாருக்கே அடையாளம் தெரியவில்லை. படத்தில் அவளுக்கு வேறொருத்தியின் கீச்சுக்குரல்தான் வரும், அவள் சொந்தக் குரலை ஊர் கேட்டதே கிடையாது. அவள் வெறும் சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இந்தப் படத்துல நான் பல் டாக்டர்க்கா. ரெண்டரை மணி நேரத்துல ஒரு பல்லைக்கூடப் பாக்கல. அவரு மூணு தடவை என் கன்னத்தைக் கிள்ளறாரு, நான் மூணு தடவை வெக்கப்படறேன்," என்றாள். சாய்ந்து நின்றவளை அண்ணாந்து பார்த்து, "எனக்குப் பதிலாத்தானே நீங்க இப்படி நிக்கறீங்க. எதுலக்கா தடுக்கி விழுந்தீங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி, டூப்புக்காரியும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சாய்ந்திருந்த அவள் கண்ணுக்கு வானமும் வங்கியின் மாடியும்தான் தெரியும், காலடி தெரியாது. "அத்தை, என் காலுக்குக் கீழே என்ன இருக்குன்னு பாருங்களேன்," என்றாள். மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். மண்டியிட்டு, மருமகள் பாதத்தைச் சுற்றி உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கல் இல்லை, ஒரு கயிறு இல்லை, ஒரு வாழைப்பழத் தோல்கூட இல்லை. "ஒண்ணுமில்லையேம்மா," என்றாள், நம்பாத குரலில். "தரை வழவழன்னு இருக்கு. இதுல போய் எப்படிம்மா விழுந்தே?" டூப்புக்காரிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தாள், சாய்ந்தபடியே.

டைரக்டர் திரும்பி வந்தார். விளக்கு வந்தது, தேவையே இல்லாத விசிறியும் வந்தது, வாடகை வயலின்காரர்கள் நாலு பேர் வந்தார்கள், கூட்டம் தயாரிப்பாளர் செலவில்லாமல் வந்தது. ஸ்டண்ட் சங்கத்து ஆள் ஒருத்தர் வந்து, இன்றைக்கு ஷாட் கெட்டால் பெயரை எடுத்துவிடுவோம், இனிமேல் எந்தப் படத்திலும் நீ விழ முடியாது என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அது சின்ன விஷயமில்லை. பூட்டுக்கடை வருமானத்தில் வீடு நடக்காது, வேறு தொழில் அவளுக்குத் தெரியாது, விழுவதில் அவளுக்கு மிஞ்சிய ஆள் கிடையாது என்பதில் பெருமையும் உண்டு. கணவன் கூட்டத்தின் முன்வரிசையில் முக்காலியில் இருந்தான். நாயகன் வயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாசனையோடு வந்து அவள் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் விரித்தார். இதற்காகத்தான் நீ ஒரு வருஷமாகக் காத்திருந்தாய் என்கிற சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. வாடகை வயலின்கள் வாசிக்க, வானத்து வயலின்களும் சேர்ந்துகொள்ள, கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. டைரக்டர் வாயைத் திறக்கும் முன் டூப்புக்காரி பேசினாள். டூப்புகள் தளத்தில் பேசுகிற வழக்கமில்லை, கூட்டம் அடங்கியது.

"சார், ஒரு சந்தேகம். நான் எதுல தடுக்கி விழறேன்?"

டைரக்டர் சாலையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற உதவி டைரக்டர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? பொண்ணுன்னா தடுக்கி விழுவா. ஆடியன்ஸ் கேக்க மாட்டாங்க."

"நான் தெனமும் மூணு மாடி ஏறி எறங்கறேன் சார். ஓடற பஸ்ல ஏறறேன். மாவு மூட்டை தூக்கறேன். நடக்கும்போது நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட விழுந்தது கெடையாது. விழறது என் தொழில். என் புத்தி இல்ல."

"ஒண்ணுமே இல்ல சார் கீழே. நான் தடவிப் பாத்துட்டேன்," என்று கூட்டத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

டூப்புக்காரி கண்ணை மூடினாள். பிறகு தன் சொந்தக் குரலில், தெளிவாக, "கட்," என்றாள். வயலின்கள் எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. வலது கை முழங்காலைத் தாண்டிக் கீழே போனது, தயங்கியது, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தாரில் பளாரென்று ஊன்றியது. தோல் உரிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் முழங்காலை மடக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, எழுந்து நின்றாள். காற்று அடங்கிக் கூந்தல் தோளில் விழுந்தது. கவுனில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள்; ரத்தமும் கரியுமாக இருந்தது. அதை உயர்த்தி, தன் ஸ்டண்ட் மாஸ்டர் எங்கே இருந்தாலும் பார்க்கட்டும் என்கிற மாதிரி, ஒருமுறை எல்லாருக்கும் காட்டினாள். அப்புறம் தானே நடந்து முக்காலியிடம் போனாள். நாயகன் விரித்த கை விரித்தபடியே நின்றுவிட்டது. மடக்க வரவில்லை. பக்கவாட்டில் திருப்பித்தான் வண்டிக்குள் ஏற்றினார்கள்.

சங்கம் அவள் பெயரை எடுத்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்தே தியேட்டர்களில் புகார் வரத் தொடங்கியிருந்தது. அவள் விழுந்து கொடுத்த பழைய படங்கள் எல்லாவற்றிலும் கதாநாயகிகள் பாதி விழும்போதே கையை ஊன்றினார்கள். எழுந்தார்கள், தரையைக் குனிந்து பார்த்தார்கள், தங்கள் ஊருக்குப் போகாத பேருந்தைப் பார்க்கிற மாதிரி நாயகனை ஒருதரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கேமராவும் அவர்கள் பின்னாலேயே போனது. வக்கீலாக வந்தவள் நீதிமன்றத்துக்குப் போய் ஒரு நிலத்தகராறை மீதி இரண்டு மணி நேரமும் வாதாடினாள். விமானம் ஓட்டியவள் மேகத்துக்கு மேலே போய் இறங்கும்வரை தொழிலைத் தவிர வேறு பேசவில்லை. நாயகர்கள் கையை விரித்தபடி திரையின் ஓரத்தில் நின்றார்கள், சிலர் படம் முடிவதற்குள் சலித்துப்போய்த் தாங்களும் ஏதாவது வேலை தேடிக்கொண்டார்கள். ஜனங்கள் முதல் வாரம் காசைத் திருப்பிக் கேட்டார்கள். இரண்டாம் வாரம் அந்த நிலம் யாருக்குப் போனது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்று திரும்ப வந்தார்கள். அந்தச் சாலையில் நின்றுபோன பல் டாக்டர் படத்தையும் கடைசிக் காட்சி இல்லாமலே வெளியிட்டார்கள்; அதற்குத்தான் நெரிசல். தன் சொந்தக் கட்டைக்குரலில் அவள் "வாயைப் பெருசாத் திறங்க" என்றால் அரங்கமே திறக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொத்தைப்பல் வலி நின்றது. எல்லாக் கதாநாயகிகளின் வலது உள்ளங்கையிலும் ஒரு சிராய்ப்பு இருந்தது. எந்த ஒப்பனைக்காரராலும் அதை மறைக்க முடியவில்லை, கொஞ்சநாளில் மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

சங்கமே வந்து அவளைத் திரும்பக் கூப்பிட்டது, ஏனென்றால் இப்போது படங்களில் பெண்கள் கூரையிலிருந்தும் குதிரையிலிருந்தும் ஓடும் ரயிலிலிருந்தும் விழ வேண்டியிருந்தது. அதற்கு அவளை விட்டால் ஆளில்லை. போகிறாள். தளத்துக்குப் போனதும் முதலில் தரையைப் பார்க்கிறாள், எதில் தடுக்குகிறது என்று கேட்கிறாள். காரணம் சொன்னால், அவளைப்போல் விழ இன்றைக்கும் ஒருத்தி பிறக்கவில்லை. சொல்லத் தெரியாவிட்டால் நின்றுகொண்டே இருக்கிறாள், அவர்களே கதையை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தச் சாலையில் மஞ்சள் வட்டம் மங்கிவிட்டது. காற்று போய்விட்டதே, துணி காயவில்லையே என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் குறை.

பழைய படங்களில் யாரும் யாரையும் பிடிக்காமல் போன அந்த வாரத்தில்தான், பூட்டுக்கடையில் சாவி அராவிக்கொண்டிருந்த கணவனுக்கு முதுகில் ஏதோ சொடக்கென்றது. எழுந்து பார்த்தான். முதுகு நேராக இருந்தது. இத்தனை வருஷம் தாங்கிய பாரம் எதுவும் தாங்கியதாகவே இல்லாத மாதிரி, நேராக. தைலத்தை மாற்றிக் கொடுத்தது வேலை செய்கிறது என்று வைத்தியர் சொல்கிறார். அவரும் பிழைக்க வேண்டுமே என்று இவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. இப்போது சாயங்காலங்களில் இருவரும் கடையைச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். வயலின் எதுவும் கேட்பதில்லை. அவன் கையை நீட்டுகிறான், அவளுக்குத் தோன்றினால் பிடித்துக்கொள்கிறாள்.